வாசகர் கேள்விகள்: தீருவின் கற்களும் அப்பாவின் பென்சிலும்

போன இதழில் தானியேல் புத்தகத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் எழுதினேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாமே தீர்க்கதரிசனமும் சரித்திரமும்தான். முப்பது வருஷம் பள்ளியில் சரித்திரம் நடத்திவிட்டு, சாயங்காலங்களில் வேதபாடம் எடுத்தவன் நான். பள்ளியில் "சார், பைபிள் கதைகளை எல்லாம் நம்புகிறீர்களா?" என்பார்கள். வேதபாடத்தில் "ஐயா, சரித்திரப் புத்தகங்களை எல்லாம் நம்புகிறீர்களா?" என்பார்கள். இரண்டுக்கும் பழகிவிட்டேன். சரி, கடிதங்களுக்கு வருவோம்.

கேள்வி (கல்லூரி மாணவர் ஒருவர்): தீரு பட்டணம் அழிந்துபோகும், இனி ஒருபோதும் கட்டப்படாது என்று எசேக்கியேல் 26-ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆனால் தீரு இன்றைக்கும் லெபனானில் இருக்கிறது, ஜனங்கள் வாழ்கிறார்கள் என்று என் அறைத்தோழன் வரைபடத்தைத் திறந்து காட்டுகிறான். நான் என்ன சொல்வது ஐயா?

பதில்: முதலில் "நீ சொல்வது சரி" என்று அவனிடம் சொல்லிவிடுங்கள், தம்பி. தீரு இருக்கிறது. இன்றைய பெயர் சூர். அங்குள்ள ரோமர் காலத்து இடிபாடுகளை 1984-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வரைபடம் எதற்கு? அப்போஸ்தலர் 21-ஐத் திறந்தாலே போதும். பவுல் தீருவில் கப்பலை விட்டு இறங்கி, அங்கிருந்த சீஷர்களோடு ஏழு நாள் தங்குகிறார். கடைசி நாள் பெண்களும் பிள்ளைகளுமாக எல்லோரும் வழியனுப்ப வந்து, கடற்கரையில் முழங்கால்படியிட்டு ஜெபம் செய்கிறார்கள். இல்லாத ஊரில் யார் வழியனுப்ப வருவார்கள்?

தீருவைப் பற்றிப் பிரசங்கிப்பவர்கள் வழக்கமாக அலெக்சாந்தரை அழைத்து வருவார்கள். அது பொய்க்கதை அல்ல. தீரு இரண்டு பங்காக இருந்த ஊர்: கரையில் ஒரு பகுதி, கடலுக்குள் தீவில் ஒரு பகுதி. கி.மு. 332-இல் அலெக்சாந்தர் ஏழு மாதம் முற்றுகையிட்டார். கப்பற்படை போதவில்லை. கரையிலிருந்த பழைய ஊரை இடித்து, அந்தக் கல்லையும் மரத்தையும் கடலில் கொட்டி, தீவு வரைக்கும் பாதை போட்டார். உன் கல்லையும் மரத்தையும் மண்ணையும் தண்ணீரில் போடுவார்கள் என்று எசேக்கியேல் 26:12 சொல்வதை இதோடு சேர்த்து வாசிக்கும்போது எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது. அந்தப் பாதையின் இரண்டு பக்கமும் மணல் ஒதுங்கி ஒதுங்கி, தீவு கரையோடு ஒட்டிக்கொண்டது. இப்போது வரைபடத்தில் அது தீபகற்பம். உங்கள் தோழனிடம் அந்தக் கழுத்துப் பகுதியைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

ஆனால் இதோடு நிறுத்திவிடுகிறவர்கள் எசேக்கியேலைப் பாதிதான் வாசித்திருக்கிறார்கள். 26-ஆம் அதிகாரம் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரை. அவன் முற்றுகை பதின்மூன்று வருஷம் நீடித்தது என்று முதல் நூற்றாண்டு யூத சரித்திர ஆசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார். கடைசியில் தீரு பணிந்தது. ஆனால் தீவைச் சூறையாடிக் கைநிறைய அள்ளிக்கொண்டு போகிற வெற்றி அவனுக்குக் கிடைக்கவில்லை. இதை யார் சொல்கிறார்கள் தெரியுமா? எசேக்கியேலே சொல்கிறார். 29-ஆம் அதிகாரம், 17-ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். முதல் வார்த்தை வந்து பதினாறு வருஷம் ஆகிவிட்டது. நேபுகாத்நேச்சாரின் சேனை தீருவுக்கு விரோதமாக அவ்வளவு பாடுபட்டது, ஒவ்வொரு தலையும் வழுக்கையானது, ஒவ்வொரு தோளும் தோலுரிந்தது, ஆனாலும் அவனுக்குக் கூலி கிடைக்கவில்லை என்கிறார். சுமை தூக்கித் தூக்கித் தேய்ந்துபோன சிப்பாயின் தோள் அது. அந்தக் கூலிக்குப் பதிலாக எகிப்தைக் கொடுப்பேன் என்று கர்த்தர் சொல்வதாக எழுதுகிறார்.

நான் எத்தனையோ முறை நின்று யோசித்த இடம் இது. தான் சொன்னது எதிர்பார்த்த வடிவத்தில் நடக்கவில்லை என்று தெரிந்த மனிதர் 26-ஆம் அதிகாரத்தைத் திருத்தி எழுதியிருக்கலாம். சுருள் அவர் கையில்தான் இருந்தது. அவர் திருத்தவில்லை. பழைய வார்த்தையை அப்படியே விட்டு, புதிய வார்த்தையைத் தேதி போட்டுக் கீழே எழுதுகிறார். பொய் சொல்லிப் பெயர் வாங்க நினைக்கிறவன் இப்படிச் செய்ய மாட்டான்.

அப்படியானால் "இனிக் கட்டப்படாய்" என்றால் என்ன? எருசலேம் விழுந்ததைப் பார்த்து, இனி வியாபாரம் எனக்குத்தான் என்று தீரு கை தட்டியது (26:2). கர்த்தேஜ் வரைக்கும் குடியேற்றங்கள் அமைத்த, கடலுக்கே ராணி என்று தன்னை எண்ணிக்கொண்ட அந்தத் தீரு மறுபடி எழும்பவில்லை. பிறகு வந்ததெல்லாம் பாரசீகனுக்கோ கிரேக்கனுக்கோ ரோமனுக்கோ கப்பம் கட்டிய ஊர். நான் அந்த வசனத்தை அப்படித்தான் வாசிக்கிறேன். இதை உங்கள் தோழன் ஏற்காமல் போகலாம், பரவாயில்லை. அவனை மடக்குவதற்காக தீரு இன்று வெறும் பாறை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி (ஒரு குடும்பத் தலைவி): நாசா விஞ்ஞானிகளின் கம்ப்யூட்டரில் ஒரு நாள் குறைந்ததாகவும், யோசுவா சூரியனை நிறுத்திய நாள்தான் அது என்று கண்டுபிடித்ததாகவும் வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?

பதில்: இல்லை அம்மா. வாட்ஸ்அப் பிறப்பதற்கு முன்பே, அச்சடித்த துண்டுப் பிரசுரமாக இந்தக் கதையை நான் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் குறைகிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமானால், அந்த நாளுக்கு முன்னால் யாராவது கிரகங்கள் நின்ற இடத்தைத் தேதியோடு குறித்து வைத்திருக்க வேண்டும். அதற்குப் போதுமான அளவு துல்லியமான குறிப்பு கிடையாது. எந்தக் கம்ப்யூட்டரானாலும் இன்றைய நிலையிலிருந்து பின்னால் எண்ணிக்கொண்டே போகுமே தவிர, நடுவில் ஒரு நாளைத் தொலைத்துவிட்டுத் தேடாது. யோசுவா 10-ஐ விசுவாசிக்க இந்தக் கதை தேவையில்லை. தயவுசெய்து வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள்.

கேள்வி (ஞாயிறு பள்ளி ஆசிரியை): பாரசீக ராஜா கோரேஸ் பிறப்பதற்கு 150 வருஷம் முன்பே ஏசாயா அவன் பெயரைச் சொன்னார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அந்தப் பகுதியை ஏசாயா எழுதவேயில்லை என்று ஒரு புத்தகத்தில் பார்த்துக் கலங்கிப்போனேன். அருங்காட்சியகத்தில் கோரேசின் கட்டளையே இருக்கிறதாமே?

பதில்: கடைசி வாக்கியத்திலிருந்து தொடங்குகிறேன். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருப்பது கோரேஸ் உருளை. எனக்கு அதை நேரில் பார்க்கும் பாக்கியம் ஒருமுறை கிடைத்தது. சுட்ட களிமண், ஒரு முழத்தில் பாதி நீளம்தான் இருக்கும், நடுவில் பெருத்து, ஓரங்கள் உடைந்து. மணல் தூவியதுபோல முழுக்க ஆப்பெழுத்து. 1879-இல் ஹொர்முஸ்த் ரசாம் பாபிலோனில் தோண்டியபோது கிடைத்தது. "யூதர்களே, எருசலேமுக்குப் போங்கள்" என்று அதில் எழுதியிருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அதில் யூதர் என்ற பேச்சே இல்லை, எருசலேமும் இல்லை. டைகிரிஸ் ஆற்றுக்கு அப்புறம் உள்ள ஊர்களின் தெய்வங்களை அந்தந்த இடத்துக்கே திருப்பி அனுப்பினேன், அவற்றின் ஜனங்களையும் திரும்பக் கூட்டிச் சேர்த்தேன் என்று கோரேஸ் சொல்கிறான். எஸ்றா 1-இல் உள்ள கட்டளை அவன் பொதுவான போக்கோடு பொருந்துகிறது என்று இதைக் காட்டலாம். அதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும்.

ஆனால் உருளையின் வாசகத்தைப் படித்தபோது வேறொன்று என்னைப் பிடித்துக்கொண்டது. மர்தூக் தேவன் எல்லாத் தேசங்களையும் தேடிப் பார்த்து, நீதியுள்ள ஒரு ராஜாவைக் கண்டு, அவன் கையைப் பிடித்து, கோரேஸ் என்று பெயர் சொல்லி அழைத்தான் என்று வருகிறது. இப்போது ஏசாயா 45-ஐத் திறந்துகொள்ளுங்கள். கர்த்தர் கோரேசின் வலதுகையைப் பிடிக்கிறார். பெயர் சொல்லி அழைக்கிறார். பிறகு இரண்டு முறை, நீ என்னை அறியாதிருந்தும் என்கிறார். அதே ராஜா, அதே கை. பாபிலோனின் பூசாரிகள் "எங்கள் மர்தூக் பிடித்த கை" என்றார்கள். சிறைப்பட்டுப்போன ஒரு சின்ன ஜனத்தின் கையிலிருந்த புத்தகம், இல்லை, அவனுக்கே தெரியாமல் அதைப் பிடித்தவர் எங்கள் கர்த்தர் என்றது. கி.மு. 539-இல் பாபிலோன் தெருவில் நின்றிருந்தால் யார் சொல்வது எடுபட்டிருக்கும் என்று யோசியுங்கள். இன்று மர்தூக்குக்கு ஒரு கோயிலும் இல்லை.

ஏசாயா எழுதினாரா இல்லையா என்ற கேள்விக்கு வருகிறேன். 40-ஆம் அதிகாரம் முதல் பாபிலோன் சிறையிருப்பின் காலத்தில் பேசிய வேறொரு தீர்க்கதரிசியின் வார்த்தை என்று பல அறிஞர்கள் சொல்கிறார்கள். அவர்களில் ஆழ்ந்த விசுவாசிகளும் உண்டு. நான் முழுப் புத்தகத்தையும் ஆமோத்சின் குமாரனாகிய ஏசாயாவினுடையதாகவே வாசிக்கிறேன். முந்தினவைகளை அறிவித்தது யார், வருகிறவைகளைச் சொல்லட்டும் என்று 41 முதல் 48 வரை விக்கிரகங்களுக்குச் சவால் விடுகிற பகுதிக்கு, முன்னறிவிப்பு இல்லாவிட்டால் வலுவே இல்லை என்று எனக்குப் படுகிறது. ஆனால் என் பக்கத்து வாதம் ஒன்றை நானே வெட்டிவிடுகிறேன். 1947-இல் சாக்கடல் அருகே கும்ரான் குகையில் கிடைத்த பெரிய ஏசாயா சுருளில், 39-ஆம் அதிகாரம் முடிந்ததும் இடைவெளி பெரிதாக விடாமல் அதே நெடுவரிசையின் கடைசி வரியிலேயே 40 தொடங்குகிறது. எனவே ஆசிரியர் ஒருவரே என்று கைதட்டி முடிப்பார்கள். அந்தச் சுருள் கிறிஸ்துவுக்கு முன் ஏறக்குறைய 125-ஐச் சேர்ந்தது. கோரேஸ் செத்து நானூறு வருஷம் ஆனபின் ஒருவர் பிரதி எடுத்த விதம், முதலில் எழுதியது யார் என்பதற்கு எப்படிச் சாட்சியாகும்? பிள்ளைகளுக்கு 45-ஆம் அதிகாரத்தையே வாசித்துக் காட்டுங்கள், அந்தக் கையைப் பற்றிச் சொல்லுங்கள். மற்றதை அவர்கள் வளர்ந்தபின் பேசலாம்.

கேள்வி (ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்): தேவாலயத்தில் ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராது என்றார் இயேசு. ஆனால் மேற்குச் சுவர் நிற்கிறதே?

பதில்: அது தேவாலயத்தின் சுவர் அல்ல. ஆலயம் நின்ற மலையைச் சுற்றி ஏரோது ராஜா அகலமான மேடை எழுப்பினான். அந்த மேடையை மண் சரியாமல் தாங்கிய சுவர்தான் அது. மாற்கு 13-இல் சீஷர்கள் வியந்து காட்டியது மேலே இருந்த கட்டிடங்களை. கி.பி. 70-இல் ரோமத் தளபதி தீத்துவின் படை அவற்றை எரித்து இடித்தது.

இடித்த கற்கள் எங்கே போயின? தென்மேற்கு மூலையில், கீழே உள்ள தெருவில், விழுந்தபடியே கிடந்தன. 1968-இல் தொடங்கி பெஞ்சமின் மசார் அங்கே தோண்டினார். தெருவில் பாவிய கற்கள் மேலிருந்து விழுந்தவற்றின் பாரத்தில் குழிந்திருந்தன. அந்தக் குவியலில் ஒரு மூலைக்கல். அதில் எபிரெயத்தில் "எக்காளம் ஊதும் இடத்துக்கு" என்று செதுக்கியிருக்கிறது. அதற்கு மேல் உடைந்துவிட்டது. ஓய்வுநாள் தொடங்குவதையும் முடிவதையும் அறிவிக்க ஒரு ஆசாரியர் உயரத்தில் நின்று எக்காளம் ஊதுவார் என்று யோசேப்பஸ் எழுதியிருக்கிறார். அந்த ஆசாரியர் நின்ற இடத்தின் கல், அடுத்த எக்காளம் இல்லாமல் தெருவில் கிடந்தது. மேற்குச் சுவரைப் பார்த்து நம் ஆண்டவர் தவறிவிட்டாரோ என்று பயப்படுகிறவர்கள் கொஞ்சம் தெற்கே நடந்து அந்தக் கற்குவியலைப் பார்க்கலாம்.

கேள்வி (ஒரு இளம் ஊழியர்): தானியேல் 9-இன் எழுபது வாரங்கள் நாள் பிசகாமல் நிறைவேறியதைக் காட்டும் இரண்டு அட்டவணைகள் என்னிடம் உள்ளன. ஒன்று கி.பி. 27-இல் முடிகிறது, இன்னொன்று கி.பி. 32-இல். எது சரி? இரண்டாம் வருகைக்கும் இப்படிக் கணக்கு உண்டா?

பதில்: இரண்டையும் மேஜையில் விரித்துப் போடுங்கள். முதல் அட்டவணை பாரசீக ராஜா அர்தசஷ்டாவின் 7-ஆம் வருஷத்தில், அதாவது கி.மு. 457-இல், எஸ்றாவுக்குக் கொடுத்த கட்டளையிலிருந்து தொடங்குகிறது. எழுபதில் மேசியா வரும்வரை அறுபத்தொன்பது வாரம், வாரத்துக்கு ஏழு வருஷம், ஆக 483. 457 வருஷத்தைக் கழித்தால் 26 மிச்சம். ஆனால் கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1, நடுவில் சைபர் வருஷம் கிடையாது. ஒன்று கூட்ட வேண்டும். கி.பி. 27. இயேசு ஞானஸ்நானம் பெற்ற காலத்துக்கு அருகில் வருகிறது. என் மனம் சாய்வது இந்தப் பக்கம்தான்.

இரண்டாவது, அதே ராஜாவின் 20-ஆம் வருஷத்தில் நெகேமியாவுக்குக் கிடைத்த அனுமதியிலிருந்து, கி.மு. 445-இல் தொடங்குகிறது. 483-ஐ அப்படியே கூட்டினால் தாண்டிப்போய்விடும். அதனால் வருஷத்துக்கு 360 நாள் என்று வைத்து, 483-ஐப் பெருக்கி, 1,73,880 நாள் என்று எடுத்து, அதை நம்முடைய 365 நாள் சொச்ச வருஷமாக மாற்றி 476 ஆக்குகிறார்கள். இதை ராபர்ட் ஆண்டர்சன் என்பவர் நூறு வருஷத்துக்கு முன்பே கணக்கிட்டு, கி.பி. 32-இல் ஒரு குறிப்பிட்ட நாளில் கொண்டுவந்து நிறுத்தினார். இன்னொரு கூட்டம் இந்த வாரங்களையெல்லாம் கி.மு. 167-இல் பலிபீடத்தைத் தீட்டுப்படுத்திய அந்தியோகஸ் எபிபனேஸ் காலத்தோடு முடிக்கிறது. ஆரம்பம் எந்தக் கட்டளை, வருஷம் எத்தனை நாள் என்ற இரண்டையும் நாமே தேர்ந்தெடுத்துவிட்டு, முடிவு "நாள் பிசகவில்லை" என்று ஆச்சரியப்படுவதில் எனக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு. மேசியா வந்து சங்கரிக்கப்படுவார், நகரமும் பரிசுத்த ஸ்தலமும் அழியும் என்ற வரிசை அந்த அதிகாரத்தில் இருக்கிறது. எனக்கு அது போதும்.

இரண்டாம் கேள்விக்கு வில்லியம் மில்லர்தான் பதில். அமெரிக்காவில் நிலத்தை உழுது பிழைத்த, வேதத்தை உண்மையாய் நேசித்த மனிதர். தானியேல் 8:14-இன் 2300 நாளை 2300 வருஷமாக எடுத்து, அதே கி.மு. 457-இலிருந்து எண்ணினார். 1843 என்று வந்தது. அந்தச் சைபர் வருஷம் அவரையும் இடறியது. சரி செய்தால் 1844. அவரைப் பின்பற்றினவர்கள் 1844 அக்டோபர் 22 என்று நாளே குறித்தார்கள். வயலில் நின்ற உருளைக்கிழங்கைத் தோண்டாமல் விட்டவர்கள் உண்டு. விடிந்தது 23-ஆம் தேதி.

அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமையில்லை. என் அப்பாவின் வேதாகமம் என்னிடம் இருக்கிறது. மத்தேயு 24:34, "இந்தச் சந்ததி ஒழிந்துபோகாதென்று" என்ற வசனத்தின் ஓரத்தில் பென்சிலில் 1948 + 40 = 1988 என்று எழுதியிருந்தார். இஸ்ரவேல் தேசம் உருவான வருஷத்தோடு ஒரு சந்ததி. 1989 ஜனவரியில் ஒரு நாள் அவர் ரப்பரை எடுத்து அதை அழித்ததை நான் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை. வேதாகமத் தாள் எவ்வளவு மெல்லியது என்று உங்களுக்குத் தெரியும். தேய்த்த இடத்தில் பின்பக்கத்து எழுத்துகள் இடவலம் மாறித் தெரிகின்றன. அதன்மேலேயே, பழைய எருசலேம் இஸ்ரவேலின் கைக்கு வந்த வருஷத்திலிருந்து, 1967 + 40 = 2007 என்று எழுதினார். அந்த வருஷம் வருவதற்குள் அவர் ஆண்டவரிடம் போய்விட்டார். 2008-இல் ரப்பரோடு அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அழிக்க மனம் வரவில்லை. இப்போதும் இருக்கிறது.

அட்டவணைகளை எறிய வேண்டாம், தம்பி. பென்சிலில் எழுதுங்கள். ஆனால் பிரசங்க மேடைக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

கேள்வி (ஒரு வாசகர்): கடைசி நாட்களில் இஸ்ரவேலின்மேல் படையெடுத்து வரும் கோகு மாகோகு என்பது ரஷ்யாதானே?

பதில்: எசேக்கியேல் 38-இல் வரும் மேசேக், தூபால் இரண்டும் அசீரியக் கல்வெட்டுகளில் முஷ்கி, தபால் என்று இருக்கின்றன. இன்றைய துருக்கியின் மலைப்பகுதி. மேசேக் என்றால் மாஸ்கோ, தூபால் என்றால் தொபோல்ஸ்க் என்பது காதுக்குக் கேட்கிற ஒற்றுமை மட்டுமே. அங்கே ரஷ்யா என்று சிலர் வாசிக்கிற "ரோஷ்" என்ற எபிரெயச் சொல்லுக்குத் தலை, பிரதானம் என்று அர்த்தம். யோசேப்பஸ் மாகோகை ஸ்கீத்தியர் என்றார். கோத்தியர்கள் ரோமப் பேரரசின்மேல் பாய்ந்தபோது மிலான் பேராயர் அம்புரோஸ், கோகு என்றால் கோத்தியர் என்றார். லூத்தர் துருக்கியரைக் காட்டினார். அந்தந்தக் காலத்தில் யாருக்குப் பயந்தார்களோ அவர்களுக்கு அந்தப் பெயர் கிடைத்திருக்கிறது.

கேள்வி (முன்பு கேட்ட அதே மாணவர், இரண்டாம் கடிதத்தில்): தானியேல் 5-இல் வரும் பெல்ஷாத்சார் என்று ஒரு ராஜாவே இல்லை என்றார்கள், பிறகு தொல்லியல் அவர்களைப் பொய்யாக்கியது என்று கேள்விப்பட்டேன். விவரம் சொல்ல முடியுமா?

பதில்: பழைய கிரேக்க ஆசிரியர்கள் பாபிலோனின் கடைசி ராஜா நபோனிதஸ் என்று எழுதினார்கள். பெல்ஷாத்சாரைக் காணோம். 1854-இல் ஊர் என்ற இடத்தில், ஆபிரகாமின் ஊர்தான், கோயில் கோபுரத்தின் மூலைகளில் புதைத்த களிமண் உருளைகள் கிடைத்தன. அவற்றில் நபோனிதஸ் சந்திர தேவனிடம் தனக்காகவும் "என் மூத்த மகன் பெல்-ஷார்-உசுருக்காகவும்" வேண்டுகிறான். பிறகு கிடைத்த எழுத்துகளிலிருந்து, அப்பா வருஷக்கணக்கில் அரேபியாவின் தேமாவில் போய் உட்கார்ந்திருந்தார், மகன் பாபிலோனைப் பார்த்துக்கொண்டான் என்று தெரிந்தது. இப்போது தானியேல் 5:29-ஐ வாசியுங்கள். சுவரில் எழுதியதைப் படித்தவனுக்கு ராஜ்யத்தில் மூன்றாம் இடம். ஏன் இரண்டாம் இடம் இல்லை? இரண்டாம் இடத்தில் கொடுக்கிறவனே உட்கார்ந்திருக்கிறான்.

இந்த இடத்தில் ஆமென் சொல்லிவிட்டு, அடுத்த வசனங்களை வாசிக்காமல் புத்தகத்தை மூடக்கூடாது. மேதியனாகிய தரியு ராஜ்யத்தைக் கட்டிக்கொண்டான் என்கிறது 31-ஆம் வசனம். அந்தப் பெயரில், அந்த இடத்தில், ஒரு ராஜாவை எந்தக் களிமண் பலகையும் இதுவரை காட்டவில்லை. கோரேசின் தளபதி ஒருவனாக இருக்கலாம் என்கிறார்கள், கோரேசுக்கே அது இன்னொரு பெயர் என்கிறார்கள். எனக்கு எதுவும் முழுத் திருப்தி தரவில்லை. காத்திருக்கிறேன். உங்கள் அறைத்தோழன் கேட்டால் இதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி (ஒரு சபை மூப்பர்): தீர்க்கதரிசி சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்ன வார்த்தை அல்ல என்று உபாகமம் 18:22 தெளிவாகச் சொல்கிறது. நீங்கள் தீருவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நழுவுகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

பதில்: இந்தக் குற்றச்சாட்டை வேதபாடத்தில் நேருக்கு நேராகவும் வைத்தவர் நீங்கள்தான் என்று கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன் ஐயா. வாதாடவில்லை. ஒரு வழக்கை வாசித்துக் காட்டுகிறேன்.

கி.மு. 609 வாக்கில், யோயாக்கீம் ஆளத் தொடங்கிய புதிதில், எரேமியா தேவாலயப் பிராகாரத்தில் நின்று இந்த ஆலயம் அழிந்துபோன சீலோவைப்போல ஆகும் என்கிறார். ஆசாரியர்கள் பிடித்துக்கொள்கிறார்கள்: இவன் சாக வேண்டும். பிரபுக்கள் வந்து ஆலயத்தின் புதிய வாசலில் உட்கார்ந்து விசாரிக்கிறார்கள். அப்போது மூப்பர்களில் சிலர், உங்களைப் போன்றவர்கள்தான், எழுந்து பழைய தீர்ப்பு ஒன்றை நினைவுபடுத்துகிறார்கள். எசேக்கியா நாளில் மொரேசா ஊரான் மீகா, சீயோன் வயலைப்போல உழப்படும், எருசலேம் மண்மேடாகும் என்றானே, எசேக்கியா அவனைக் கொன்றானா? கர்த்தருக்குப் பயந்து வேண்டிக்கொண்டானே, கர்த்தரும் அந்தத் தீங்கைச் செய்யாமல் மனம் மாறினாரே? (எரேமியா 26:17-19.)

கவனியுங்கள் ஐயா. மீகா சொன்னபோது அதில் "மனம் திரும்பாவிட்டால்" என்ற நிபந்தனை இல்லை. மீகா 3:12-ஐப் பாருங்கள், வெறும் தீர்ப்புதான். அவர் சொன்னது அந்தத் தலைமுறையில் நடக்கவும் இல்லை. கி.மு. 701-இல் அசீரிய ராஜா சனகெரிப் யூதாவின் நாற்பத்தாறு கோட்டை நகரங்களைப் பிடித்தும், எசேக்கியாவைக் கூண்டுப் பறவையைப்போல எருசலேமுக்குள் அடைத்தேன் என்றுதான் தன் கல்வெட்டில் எழுத முடிந்தது. நகரத்தைப் பிடித்தேன் என்று எழுதவில்லை. நூறு வருஷம் கழித்து அந்த மூப்பர்கள் மீகாவைப் பொய்த் தீர்க்கதரிசி என்று சொன்னார்களா? அவர் வார்த்தை வேலை செய்தது, ராஜா பயந்தான், நகரம் பிழைத்தது என்றார்கள். உபாகமம் 18 அவர்களுக்கும் தெரியும். அந்தச் சாட்சியும், சாப்பானின் மகன் அகிக்காமின் ஆதரவும்தான் எரேமியாவின் உயிரைக் காப்பாற்றின. அதே அதிகாரத்தில் உரியா என்ற இன்னொரு தீர்க்கதரிசிக்கு அப்படி எழுந்து பேச ஆள் இல்லை. எகிப்துக்கு ஓடியவனைப் பிடித்து வந்து வெட்டினார்கள்.

யோனா "இன்னும் நாற்பது நாள்" என்றதிலும் நிபந்தனை இல்லை. நினிவே தப்பியது. பிறகு கி.மு. 612-இல் விழுந்தது. கி.மு. 401-இல் கிரேக்கப் படையோடு அந்த இடிபாடுகளைக் கடந்துபோன செனபோனுக்கு அது நினிவே என்றே தெரியவில்லை. மேதியர் பட்டணம் ஒன்று என்று எழுதிவிட்டுப் போனார். கர்த்தர் தாம் சொன்னதை எப்போது நிறுத்துவார், எப்போது நிறைவேற்றுவார் என்பதை எரேமியா 18-இல் குயவன் வீட்டில் வைத்துச் சொல்லியிருக்கிறார். நான் நழுவுவதாக நினைத்தால், நழுவும் வழியை அந்த மூப்பர்களிடம்தான் கற்றேன்.

கேள்வி (செவிலியர் ஒருவர்): தோண்டி எடுத்த பொருள்களில் உங்கள் மனதுக்கு மிக நெருக்கமானது எது?

பதில்: எண்ணெய்க் கணக்கு எழுதிய ஒரு களிமண் துண்டு. கேட்பதற்குச் சப்பென்றுதான் இருக்கும்.

யோயாக்கீன் என்ற பையன் (யோயாக்கீம் அல்ல, அவன் மகன், ஓர் எழுத்தில் எத்தனை பேர் தடுக்கி விழுந்திருக்கிறார்கள்) பதினெட்டு வயதில் யூதாவுக்கு ராஜாவாகி, மூன்று மாதத்தில், கி.மு. 597-இல், பாபிலோனுக்குச் சிறையாய்ப் போனான். கோனியா என்றும் எகொனியா என்றும் வருகிறவன் இவனே. எரேமியா 22-இல் இவன்மேல் விழுந்த வார்த்தை கொடுமையானது. நீ என் வலதுகையின் முத்திரை மோதிரமாயிருந்தாலும் கழற்றி எறிவேன் என்கிறார் கர்த்தர். கடைசியில், இந்த மனிதனைச் சந்தானமற்றவன் என்று எழுதுங்கள், இவன் வித்தில் ஒருவனும் தாவீதின் சிங்காசனத்தில் உட்காரான் என்கிறார்.

எழுதுங்கள் என்றாரல்லவா. பாபிலோனிலும் ஒரு எழுத்தர் எழுதிக்கொண்டுதான் இருந்தான். ராபர்ட் கோல்டெவேய் 1899 முதல் அங்கே தோண்டியபோது, அரண்மனையின் வளைவு அறைகளில் பண்டசாலைக் கணக்குகள் கிடைத்தன. அவற்றை வாசித்து 1939-இல் வெளியிட்டார்கள். யாருக்கு எவ்வளவு எண்ணெய் என்ற பட்டியல். மாலுமிகள், தச்சர்கள், பல தேசத்துக் கைதிகள். நடுவில் ஒரு வரி: யூதாவின் ராஜா யாவுகீனுக்குப் பத்து அளவு. அடுத்து, யூதா ராஜாவின் ஐந்து குமாரர்களுக்கு இரண்டரை அளவு.

துண்டின் தேதி கி.மு. 592. அவனுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. தீர்க்கதரிசி சந்தானமற்றவன் என்று எழுதச் சொன்ன மனிதனுக்கு, அவனைச் சிறைபிடித்தவர்களின் கணக்குப்பிள்ளை ஐந்து பிள்ளைகளை எழுதி வைத்திருக்கிறான். 1 நாளாகமம் 3-உம் அவன் பிள்ளைகளைப் பெயரோடு எழுதுகிறது. சிங்காசனத்தில் அவர்களில் ஒருவரும் உட்காரவில்லை. ஆனால் அவன் பேரன் செருபாபேல் எருசலேமுக்குத் திரும்பி வந்து ஆலயத்துக்கு அஸ்திபாரம் போடுகிறான். கி.மு. 520-இல் ஆகாய் தீர்க்கதரிசி அவனைப் பார்த்து, கர்த்தர் உன்னை முத்திரை மோதிரமாக வைப்பார் என்கிறார். கழற்றி எறிந்த அதே மோதிரம். மத்தேயு 1-ஆம் அதிகாரத்தைக் கிறிஸ்துமஸ் நாளில் வாசிக்கும்போது எல்லோரும் தாண்டிப்போகிற 12-ஆம் வசனத்தில், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன பின்பு எகொனியா சலாத்தியேலைப் பெற்றான் என்று வருகிறது. அங்கே வரும்போதெல்லாம் நான் அந்தப் பண்டசாலையைத்தான் நினைத்துக்கொள்கிறேன். பையன் ஒருவனுக்கு அரை அளவு எண்ணெய்.